கதவிடுக்கில் ஒரு மரச்செருப்பு

ஹாம்பர்க் பணக்காரர்கள் கோழிக்குஞ்சு வாங்கும்போது முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். கால் நீலமாக இருக்க வேண்டும், சாம்பல் பூசிய நீலம். இருந்தால் அது எங்கள் ஊரான ராமெல்ஸ்லோவின் குஞ்சு, மேற்கொண்டு பேச்சில்லை. உடம்பெல்லாம் வெள்ளை, கால் மட்டும் நீலம். முட்டைக்கும் ஆகும், கறிக்கும் ஆகும். பனி கொட்டும் மாதங்களில் மற்ற ஊர்க் கோழிகள் இறக்கைக்குள் தலையை விட்டுக்கொண்டு சும்மா கிடக்க, எங்கள் கோழி முட்டையிட்டு அடையிலும் உட்கார்ந்துவிடும். இன்று அந்தச் சாதிக் கோழியைப் பார்க்கக் கண்காட்சிக்குத்தான் போக வேண்டும். கம்பிக் கூண்டில் பரிசுச் சீட்டோடு நிற்கும். அன்று எங்கள் ஊரில் அது இல்லாத வீடே இல்லை.

வீடு என்று நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். குளிர்காலக் குஞ்சுகள் கூட்டில் வளரவில்லை, கணப்பறையில் வளர்ந்தன. ஏழை வீட்டில் குளிர்காய அடுப்பு வைத்த அறை அது ஒன்றுதான். கிறிஸ்துமஸிலிருந்து ஈஸ்டர் வரை அந்த அறை குஞ்சுகளுக்கு. மனிதர்கள் கூடத்துச் சுவரில் பதித்த பெட்டிக் கட்டிலில் வைக்கோலுக்குள் சுருண்டுகொள்வார்கள். பக்கத்தில் மாடு நிற்கும், அதன் மூச்சுதான் சூடு. வசந்தம் வருவதற்கு முன்பே ஆளுக்கொரு இளங்குஞ்சு தட்டில் விழ வேண்டும் என்று ஹாம்பர்க் நாக்குகள் கேட்டன. அந்த நாக்குகளுக்காக எங்கள் பிள்ளைகள் விறைத்தன. இதை யாரும் கொடுமை என்று சொல்லவில்லை. குளிர்காலம் என்றால் அப்படித்தான் என்றார்கள்.

மெத்தா புட்டென்சென் அந்த ஊரில்தான் வாழ்ந்தாள். அப்பன் புதர்வெளி ஓரத்தில் துடைப்பம் கட்டுகிறவன். பதினான்கு வயதில் திருச்சபையில் திடப்படுத்தல் சடங்கு முடிந்த வாரமே அவளைப் பெரிய பண்ணைக்கு வேலைக்காரியாக அனுப்பினார்கள். அங்கேதான் கோழியை அடையில் உட்கார வைக்கும் கைப்பக்குவம் அவளுக்கு வந்தது. அடம்பிடிக்கும் கோழியை மடியில் வைத்து, கண்ணைக் கையால் பொத்தி, ஏதோ முணுமுணுத்துக் கூடைக்குள் இறக்கினால் அது எழுந்திருக்காது. பண்ணைக்கார அம்மாவுக்கு இந்தக் கை பிடித்திருந்தது. ஆள் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது.

அதே பண்ணையில் கூலிக்கு இருந்த ஹார்மைக் கட்டிக்கொண்டாள். நெடுநெடுவென்று வளர்ந்தவன், பேசக் கூலி கேட்பவன். பண்ணைக்குச் சொந்தமான சின்ன வீடு ஒன்றைக் கொடுத்தார்கள். கூப்பிட்ட நேரத்துக்கு வேலைக்கு ஓடி வரும்வரை அந்த வீடு அவர்களுடையது. முதல் குளிர்காலக் குஞ்சுகளை விற்றுத்தான் கணப்பறைக்கு ஓர் இரும்பு அடுப்பு வாங்கினார்கள். அந்த அடுப்பைக் குஞ்சுகளுக்கு முன்னால் யாரும் அனுபவிக்கவில்லை.

அவள் பெற்ற முதல் பையன் முதல் குளிர்காலத்திலேயே போனான். இரண்டாவது பையன் பேசக் கற்றுக்கொண்ட பிறகு போனான். அதுதான் அவளைக் கொன்றது. கடைசி இரண்டு நாள் "குளிருதும்மா" என்று சரியாகச் சொன்னான். சுவருக்கு அந்தப் பக்கம் குஞ்சுகள் வெதுவெதுப்பாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. ஹார்ம் பழைய தீவனத் தொட்டியின் பலகையைப் பிரித்து, தானே ஆணியடித்து, இரண்டு பிள்ளைகளுக்கும் பெட்டி செய்தான்.

மூன்றாவது லீஸ்பெத். நான்கு வயது வரை எப்படியோ பிழைத்துக் கிடந்தாள். முகத்தில் ஒரு துளி ரத்தம் கிடையாது. ஊரில் அவளை 'மெழுகுக்குட்டி' என்றார்கள். இலையுதிர்காலத்திலேயே இருமல் பிடித்துக்கொண்டது. மெத்தாவுக்கு அந்த இருமல் பழக்கமான இருமல். இரண்டு தடவை கேட்டிருக்கிறாள், இரண்டு தடவையும் அது எங்கே போய் முடிந்தது என்று பார்த்திருக்கிறாள். அந்த ஆண்டு எல்பே ஆறே உறையப் போகிறது என்று ஊரில் பேச்சு. இந்தப் பிள்ளையையும் பெட்டிக் கட்டிலில் போட்டால் ஈஸ்டரைப் பார்க்காது. அவளுக்கு அது தெரியும். வேறு எதையும் அவள் அந்தக் குளிர்காலத்தில் யோசிக்கவில்லை.

"ஹார்ம், லீஸ்பெத்தக் கணப்பறைல படுக்க வெக்கப் போறேன்" என்றாள் ஒரு நாள் கஞ்சி ஊற்றும்போது.

"குஞ்சுங்ககூடவா?"

"குஞ்சுங்ககூடத்தான். அடுப்புப் பக்கத்து பெஞ்சுல. அவ ஒருத்திக்கு இடம் போதும்."

"உருண்டு விழுந்தா எத்தினி குஞ்சு நசுங்கும்னு நெனச்சுப் பாத்தியா? அந்த நாத்தத்துல மனுஷன் தூங்க முடியுமா?"

"நாத்தத்துல யாராவது செத்துருக்காங்களா? குளுருலதான் செத்துருக்காங்க. உன் வீட்டுலயே ரெண்டு."

ஹார்ம் கஞ்சியைக் குடித்தான். கிண்ணத்தை வைத்தான். "பெஞ்சுக்கு முன்னால ஒரு பலகை தடுப்பு வெச்சுத் தரேன்" என்றான்.

பக்கத்து வீட்டு ட்ரீனாவுக்கு விஷயம் போனதும் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். ட்ரீனாவுக்கு வாய் நீளம், மனசு கெட்டதில்லை.

"என்னடி மெத்தா, குஞ்சோட குஞ்சா வளக்கப் போறியாமே? பாத்துக்க. குஞ்சு வாங்குற கிறிஷான் வந்தா கால் நீலமான்னு பாத்துட்டுக் கூடைக்குள்ள போட்டுக்கிட்டுப் போயிறப் போறான்."

"நீலம்தான் அக்கா அவ காலும்" என்றாள் மெத்தா. "தொட்டுப் பாரு வந்து. அதுக்குத்தான் கொண்டுபோறேன்."

ட்ரீனா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். சாயங்காலம் பழைய கம்பளிக் காலுறை ஜோடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

இங்கே இரண்டு வழக்கங்களைச் சொல்ல வேண்டும், எல்லா வீட்டுக்கும் பொதுவானவை. ஒன்று, அடுப்பின் புகைக்குழாயில் ஒரு தகடு இருக்கும். சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகள் எரிந்து தணலானதும் அந்தத் தகட்டைத் திருகிக் குழாயை அடைத்துவிடுவார்கள். சூடு குழாய் வழியே வானத்துக்குப் போகாமல் அறையிலேயே தங்கும், குஞ்சுகள் விடியும்வரை தாங்கும். இன்னொன்று, கணப்பறைக் கதவை முழுக்கச் சாத்த மாட்டார்கள். கதவிடுக்கில் ஒரு மரச்செருப்பைச் செருகி வைப்பார்கள். குஞ்சு எச்சத்தின் காட்டம் கண்ணைக் கரிக்கும், அது வெளியே போகட்டும் என்று. நாற்றத்துக்காகத்தான் அந்தச் செருப்பு என்று ஊர் முழுக்க நம்பியது. தகட்டை அடைத்தும் எந்த வீட்டிலும் எதுவும் சாகாமல் இருந்தது அந்தச் செருப்பால்தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கணப்பறையில் மனிதர்கள் தூங்குவதும் இல்லையே, தோன்றுவதற்கு.

லீஸ்பெத் கணப்பறைக்குக் குடிபோனாள். தாய்க்கோழிக்கு முதல் நாளே 'பாதிரியாரம்மா' என்று பெயர் வைத்தாள். நடை அப்படி, முகம் அப்படி, யாரையும் கொஞ்சம் கீழாகவே பார்க்கும். அந்த ஒரு கோழியின் இறக்கைக்குள்ளும் முதுகிலும் காலடியிலுமாக அத்தனை குஞ்சுகளும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். லீஸ்பெத் தடுப்புப் பலகைக்கு மேலே மோவாயை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அவற்றோடு பேசினாள்.

"அம்மா, பாதிரியாரம்மா இன்னைக்குப் பிரசங்கமே பண்ணல. கோவமா இருக்காங்க."

"ஏன்டி கோவம்?"

"ஒரு குஞ்சு அவங்க தலைமேல ஏறி நின்னு வெளிக்குப் போயிருச்சு."

மெத்தா சிரித்தாள். தான் சிரிப்பதைத் தானே கேட்டு ஆச்சரியப்பட்டாள். இருமல் குறைந்தது. அவித்த முட்டையும் கஞ்சியும் கலந்து குஞ்சுகளுக்குப் பிசையும்போது ஒரு கை லீஸ்பெத்தின் வாய்க்கும் போனது. ஹார்ம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான். சாயங்காலம் பண்ணையிலிருந்து வந்ததும் அவன் முதலில் கணப்பறைக்குள் தலையை நீட்டி, "பாதிரியாரம்மா சௌக்கியமா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தான். அந்த வீட்டில் அந்த ஒரு மாதம் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று சொல்லிவிடலாம். ஒரு மாதம்தான்.

எல்பே உறைந்தது. ஹார்பர்க்கிலிருந்து ஆட்கள் ஆற்றின்மேலேயே நடந்து அக்கரைக்குப் போனார்கள். எங்கள் சேவே ஆற்றில் மாவு மில்லின் சக்கரம் பனிக்கட்டியோடு பனிக்கட்டியாக நின்றுவிட்டது. அன்று சாயங்காலம் ஹார்ம் அடுப்பில் கரிமண்ணை அதிகமாகவே அடுக்கினான். தணல் ஆனதும் எப்போதும் போலத் தகட்டைத் திருகிவிட்டு, மாட்டுக்கு வைக்கோல் போடப் போனான். மெத்தா பிள்ளைக்குப் போர்த்திவிட வந்தாள்.

"அம்மா, காலு சில்லுங்குது."

"காலுறை போட்டிருக்கியேடி."

"கதவுலேர்ந்து காத்து வருது. காலுலயே வருது."

மெத்தா கையை வைத்துப் பார்த்தாள். உண்மைதான், செருப்பு செருகிய இடுக்கிலிருந்து கத்தி மாதிரிக் காற்று வந்து நேரே பெஞ்சில் அடித்தது. ஒரு ராத்திரி நாற்றம் இருந்துவிட்டுப் போகட்டும், நாற்றத்தில் யாராவது செத்திருக்கிறார்களா? வெளியே வந்தாள். செருப்பை எடுத்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். கீழே இன்னும் கொஞ்சம் இடைவெளி இருந்தது. தோளில் கிடந்த சால்வையை எடுத்துச் சுருட்டி அந்த இடைவெளியில் அடைத்தாள். உள்ளேயிருந்து, "இப்ப வரல!" என்று சத்தம் வந்தது.

"தூங்குடி" என்றாள் மெத்தா.

காலையில் அவள்தான் முதலில் எழுந்தாள். பால் கறக்கப் போகும் வழியில் கணப்பறைக் கதவருகே நின்றாள். கீச்சுச் சத்தம் இல்லை. சூட்டில் நன்றாகத் தூங்குகின்றன என்றுதான் நினைத்தாள். கதவைத் தள்ளினாள், சால்வை தடுத்தது, காலால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது.

ஜன்னல் வெளிச்சம் பெஞ்சில் விழுந்திருந்தது. லீஸ்பெத்தின் கன்னம் சிவந்திருந்தது. பிறந்ததிலிருந்து மெத்தா அந்தக் கன்னத்தில் அப்படி ஒரு சிவப்பைப் பார்த்ததில்லை. உதடும் சிவப்பு. பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அப்படி இருக்கும். பிழைத்துக்கொண்டாள், இந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டாள் என்று மெத்தா நினைத்தாள். அந்த நினைப்பை அவள் சாகும்வரை மன்னிக்கவில்லை. குனிந்து அந்தச் சிவப்புக் கன்னத்தில் கையை வைத்தாள். பிறகுதான் தரையைப் பார்த்தாள். பாதிரியாரம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சுற்றிலும் குஞ்சுகள் கிடந்தன, நீலக் கால்களை நீட்டிக்கொண்டு.

அவள் போட்ட சத்தத்தில் ஹார்ம் ஓடி வந்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பனியில் கிடத்தினான். பனியை அள்ளி நெஞ்சில் தேய்த்தான், கையைக் காலை உதறினான், வாயோடு வாய் வைத்து ஊதினான். மெத்தா தலைவிரிகோலமாக ஊரைக் கூப்பிட்டாள். ட்ரீனா வந்தாள், அவள் புருஷன் வந்தான், மில்லுக்காரன் வந்தான். கன்னம் சிவந்தே இருந்ததால் பிள்ளைக்கு உயிர் இருக்கிறது என்று எல்லோரும் வெகுநேரம் நம்பினார்கள். விட மனசு வரவில்லை யாருக்கும்.

பிள்ளையை உள்ளே கொண்டுவரும்போது மெத்தா கணப்பறைக் கதவைப் பார்த்தாள். கதவிடுக்கில் மரச்செருப்பு இருந்தது. சால்வை ஆணியில் மாட்டியிருந்தது, எப்போதும் மாட்டும் இடத்தில். ஹார்ம் அவளைப் பார்க்கவில்லை.

மறுநாள் காவல்துறைக்காரர் குதிரையில் வந்தார், மீசையில் பனி உறைந்திருந்தது. புகைக்குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"இந்தத் தகட்ட யார் அடச்சது?"

"நான்தாங்க" என்றான் ஹார்ம். "எப்பவும் போல."

"தணல்லேர்ந்து வர்ற விஷக்காத்துக்கு வாசனையே கெடயாது, அது ஏறினா செத்தும் தோலு செவந்திருக்கும். பட்டணத்துல இதை வெக்கவே கூடாதுன்னு சொல்லி எத்தன வருஷமாச்சு. உங்க ஊர்ல காதுல போட்டுக்கறதே இல்ல. கதவு?"

"தெறந்துதாங்க இருந்துச்சு. செருப்பு இருந்துச்சு. இவங்கல்லாம் பாத்தாங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் பார்த்தது உண்மை. மெத்தா சமையல் அடுப்பருகே நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் தரை கல்லாக இறுகியிருந்ததால் இரண்டு நாள் நெருப்பு மூட்டி வைத்துத்தான் குழி வெட்டினார்கள். லீஸ்பெத்துக்குத் தொட்டிப் பலகைப் பெட்டி இல்லை. தச்சர் இழைத்து, கறுப்பு வண்ணம் பூசி, இரும்புப் பிடி வைத்த நிஜமான பெட்டி.

"இது ஏது?" என்று கேட்டாள் மெத்தா.

"பண்ணைக்காரரு குடுத்தாரு" என்றான் ஹார்ம்.

"குஞ்சுங்கள?"

"தோட்டத்து மூலைல பொதச்சிட்டேன். எல்டர் செடிக்குக் கீழ."

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் மெத்தா பண்ணைக்கார அம்மாவின் கையைப் பிடித்துப் பெட்டிக்காக நன்றி சொன்னாள். அம்மா ஒரு கணம் விழித்தார். பிறகு தலையை மெல்ல அசைத்து, கையுறையைச் சரிசெய்துகொண்டு வண்டியில் ஏறினார். கொடுக்காததற்கும் நன்றி வாங்கிக்கொள்ளப் பெரிய வீட்டாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஊரில் எல்லோரும் அந்த மாதமே குழாய்த் தகட்டைக் கழற்றி எறிந்தார்கள். ஹார்முக்குத் 'தகட்டு ஹார்ம்' என்று பெயர் விழுந்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. ஆனால் சாராயக் கடையில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் இடம் தாராளமாக இருந்தது. பெற்ற பிள்ளையைப் புகைபோட்டுக் கொன்றவன் என்று ட்ரீனாவின் புருஷன் போதையில் ஒரு தடவை சொன்னான். ஹார்ம் குவளையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தான். இதையும் மெத்தாவிடம் ட்ரீனாதான் சொன்னாள்.

மெத்தா சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தாள், தினமும் நாக்கு மேலே எழவில்லை. நாள் ஆக ஆக அவள் மனது ஒரு கெட்ட காரியம் செய்தது. தகடு அடைபடாமல் இருந்திருந்தால் கதவு சாத்தியதால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. அப்படியென்றால் தகடுதான். தகட்டைத் திருகிய கை யாருடையது? இப்படி நினைத்து நினைத்து அவள் அதை நம்பவே தொடங்கினாள். ரை தானிய அறுப்பு சமயத்தில், வெயிலில், களைப்பில், ஏதோ ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை வந்தபோது அது வெளியே வந்துவிட்டது.

"நீ பேசாத. நீ அடச்சதுதான என் புள்ளையக் கொண்டுபோச்சு!"

வயலில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஹார்ம் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். தீட்டி முடித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனான்.

தோட்டத்து மூலையை மட்டும் அவள் பத்திரமாகப் பார்த்துக்கொண்டாள். எல்டர் செடிக்குக் கீழே கோழிகள் கிளறப் போனால் கல்லை விட்டெறிந்து துரத்தினாள். லீஸ்பெத்தின் குழி தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகலாம். இது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பாதிரியாரம்மாவும் அங்கேதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுபடி குளிர்காலம் வந்தது. மறுபடி குஞ்சு வளர்த்தாள். வளர்க்காமல் என்ன செய்வாள்? தொழுவத்தில் இருந்த கோழிகள் பிழைத்திருந்தன, அவை தம்பாட்டுக்கு முட்டையிட்டு அடைக்கு நின்றன. துக்கம் என்று கோழிக்குத் தெரியாது. மடியில் வைத்துக் கண்ணைப் பொத்திக் கூடைக்குள் இறக்கினாள். கணப்பறையில் பெஞ்சை ஹார்ம் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தான். கதவிடுக்கில் செருப்பு இருந்தது.

மாசக் கடைசியில் கிறிஷான் மாக் வந்தான். முதுகுக் கூடையோடு வீடு வீடாகக் குஞ்சு எடுத்து ஹாம்பர்க்குக் கொண்டுபோகிற வியாபாரி. பருத்த, சிரித்த முகம். கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

"தங்கச்சி, போன வருஷம் உங்க வீட்டுத் துக்கத்துல என்னால ஒண்ணும் பேச முடியல. மனசுல வெச்சுக்காத."

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே."

மெத்தா வறுத்த பார்லிக் காபியை ஊற்றிக் கொடுத்தாள். அவன் கணப்பறைக்குள் போய் ஒரு குஞ்சைப் பிடித்து, காலைப் பார்த்து, நெஞ்சை அழுத்திப் பார்த்து, திரும்ப விட்டான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லணும், இத்தன நாளா வாய்ல வெச்சுக்கிட்டுத் திரியறேன். போன வருஷம் ஹார்ம் குடுத்தானே, அந்தக் குஞ்சுங்க..."

"எந்தக் குஞ்சுங்க?"

"அதான், புள்ள போன அன்னைக்கு. இனிமே பாத்துக்க ஆளில்ல, எல்லாத்தையும் அறுத்துட்டேன்னு சொல்லி, பறிச்சு, துணில சுத்திக் குடுத்தான். சுண்ணாம்பு மாதிரி வெளுத்த முகம் பாவம் அவனுக்கு. நான் மறுபேச்சு பேசாம எடுத்துக்கிட்டேன். ஹாம்பர்க்ல போயி பிரிச்சுப் பாத்தா, தங்கச்சி, அந்த மாதிரி நெறம் நான் பொறந்ததுலேர்ந்து பாத்ததில்ல. எப்பவும் வெளுப்பாத்தான இருக்கும் நம்ம குஞ்சுத் தோலு? இது ரோஜாப்பூ. அப்பத்தான் அறுத்த மாதிரி. ஏரிக்கரை ஓட்டல்ல வாங்கிட்டு ஆகா ஓகோன்னாங்க. ஒரு வருஷமா அந்தச் சமையக்காரரு என்னைப் புடுங்கி எடுக்கறாரு, அதே மாதிரி வேணும்னு. என்ன தீனி போட்ட? பாலு கலந்தியா? என்கிட்ட மட்டும் சொல்லேன்."

மெத்தா காபிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். சிந்தாமல் வைத்தாள்.

"தீனி எல்லாம் ஒண்ணுமில்லண்ணே" என்றாள். "நல்லா சூடா வெச்சிருந்தோம். அவ்வளவுதான்."

"சூடா?"

"ஆமா."

"அப்ப இந்த வருஷமும் அப்படியே வெய்யி தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் வருவதாகக் கிறிஷான் கூடையைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஹார்ம் வீட்டுக்கு வரும்வரை மெத்தா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் வாசலில் காலைத் தட்டிப் பனியை உதறிவிட்டு வந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான்.

"கிறிஷான் வந்தாரு" என்றாள்.

"என்னங்கறான்?"

"போன வருஷக் குஞ்சு மாதிரி வேணுமாம். ரோஜா நெறத்துல."

அவிழ்த்துக்கொண்டிருந்த கை நின்றது. குனிந்தபடியே இருந்தான்.

"பொதச்சேன்னு சொன்ன."

"தரை எறங்கல மெத்தா. கடப்பாறையே எறங்கல."

"பெட்டி பண்ணைக்காரரு குடுத்ததுன்ன."

"முன்ன ரெண்டுக்கும் தொட்டிப் பலகை. இவளுக்கும் அதுவான்னு இருந்துச்சு. தச்சரு சும்மா குடுப்பாரா?"

மெத்தாவுக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. அன்று காலை, ஊர் முழுக்க வாசலில் கூடி அவளைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தபோது, இவன் மாட்டுத் தொழுவத்தில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறான். ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தை அறுத்து, இறகைப் பறித்திருக்கிறான்.

"எல்லாத்தையும் நீயே பறிச்சியா?"

"வேற யாரு?"

"தோலு எப்பிடி இருந்துச்சு?"

கணப்பறையில் குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன.

"அவ கன்னம் மாதிரி" என்றான்.

மெத்தா ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள். ஒரு வருஷமாக எழாத நாக்கு எழுந்தது.

"கதவ நான்தான் சாத்தினேன் ஹார்ம்."

"தெரியும்."

"சால்வைய வெச்சு அடச்சேன். அவ கால் குளுருதுன்னு சொன்னா."

"நான்தான எடுத்து மாட்டினேன்."

"ஊரெல்லாம் உன்னைச் சொல்லுச்சு. நானே சொன்னேன், அறுப்புல, அத்தன பேருக்கு முன்னால. அப்பக்கூட ஏன் வாயத் தெறக்கல?"

ஹார்ம் இரண்டாவது பூட்ஸையும் கழற்றி முதல் பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ரெண்டு பேருமாத்தான் அடச்சோம். ஊருக்கு ஒரு பேரு போதும்னு விட்டுட்டேன்."

"நாளைக்கு நான் போயிப் பாதிரியார்கிட்ட சொல்றேன். ட்ரீனாகிட்ட சொல்றேன்."

"சொல்லி? நம்ம புள்ள திரும்ப வந்து உக்காரப் போறாளா?"

சொன்னால் பாரம் குறையும் என்று பாதிரியார்கள் பிரசங்கத்தில் சொல்வார்கள். குறையவில்லை. இதுவரை ஆளுக்கொரு பக்கமாக அவரவர் பாதியைச் சுமந்துகொண்டிருந்தார்கள். இப்போது இரண்டு பேருக்கும் முழுசாக வந்து சேர்ந்தது. மெத்தா எழுந்து கஞ்சியைச் சுடவைத்து இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

வெளியே உறைபனி இறங்கத் தொடங்கியிருந்தது. வாசல் இடுக்கு வழியே புகுந்த காற்று கூடத்தைக் கடந்து கணப்பறைக் கதவிடுக்கில் நுழைந்தது. குஞ்சுகள் குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கத்தின. இருவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். யாரும் எழுந்து போய்க் கதவைச் சாத்தவில்லை.